துயரம் தைக்க வேண்டுமானால் காதல் காட்சியை எப்படி எழுத வேண்டும்?

காதலர் இருவரில் ஒருவரை இழக்கும் கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே குறையோடு வருகிறார்கள்: சாவுக் காட்சியை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் படிப்பவர் கண் கலங்குவதில்லை. உடனே அவர்கள் கைவைப்பதும் அந்தச் சாவுக் காட்சியில்தான். மழையைக் கூட்டுகிறார்கள், அழுகையை நீட்டுகிறார்கள், கடைசி மூச்சில் ஒரு நீண்ட வசனத்தைச் சேர்க்கிறார்கள். குறை அங்கே இருப்பது அரிது. பல பக்கங்களுக்கு முன்னால், அந்த இருவரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஆசிரியர் அவசரமாகக் கடந்துபோன இடத்தில்தான் அது இருக்கும். அந்த இடத்தில் எழுதப்பட வேண்டிய காட்சியைத் தேர்ந்தெடுப்பது, எழுதுவது, கதையில் பொருத்துவது, பின்னர் அதைத் துயரத்துக்குப் பயன்படுத்துவது ஆகியவற்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. சிறுகதைக்கும் நாவலுக்கும் நாடகத்துக்கும் திரைக்கதைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாசகருக்கும் ஒரு பங்கு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கைச் சொல்கிறது. காதல் துன்பியல் பெரிதும் சாய்ந்து நிற்பது இவற்றுள் இழவின், அதாவது இழப்பின், மீது. இழப்பதற்கு முன் ஒன்று கையில் இருந்தாக வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அது பாத்திரத்தின் கையில் இருந்தால் மட்டும் போதாது, வாசகரின் கையிலும் சிறிது நேரமாவது இருந்திருக்க வேண்டும் என்பதை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில், துன்பியலின் போக்கு நல்வாழ்விலிருந்து கேட்டை நோக்கித் திரும்ப வேண்டும் என்றார். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைத்தான் நாம் உழைத்து எழுதுகிறோம். முதல் பாதியை, 'அவர்கள் உயிருக்குயிராக நேசித்தார்கள்' என்று எழுதி முடித்துக்கொள்கிறோம்.

நாளிதழில் ஓர் இளம் இணையர் விபத்தில் இறந்த செய்தியைப் படிக்கிறோம். ஐயோ பாவம் என்கிறோம். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். இதில் கல்நெஞ்சம் ஏதும் இல்லை. அவர்களுக்குள் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதே செய்தியில், விபத்தன்று காலையில் யார் கதவைப் பூட்டுவது என்பதில் இருவருக்கும் நடந்த விளையாட்டுச் சண்டையை அண்டை வீட்டார் ஒருவர் நினைவுகூர்ந்திருந்தால், நாம் அந்தப் பக்கத்திலேயே சிறிது நின்றிருப்போம். காதல் காட்சியின் வேலை அந்தச் சண்டையைக் காட்டுவதுதான். வேறு எவருக்கும் தெரியாத ஒன்றை இருவருக்கிடையே நடக்கவிட்டு, அதற்கு வாசகரை மட்டும் சாட்சியாக்கிவிட்டால், பின்னால் அவர்களில் ஒருவர் இல்லாமல் போகும்போது, மீதியிருக்கும் அந்த ஒருவருக்கும் வாசகருக்கும் மட்டுமே அதன் முழு அளவு புரியும். கதைக்குள் மற்ற எல்லோரும் சம்பிரதாயமான ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, வாசகர் ஒருவர்தான் உண்மையான துக்க வீட்டாராக உட்கார்ந்திருப்பார்.

முடிவிலிருந்து தொடங்குங்கள்

காதல் காட்சியை எழுத உட்காருவதற்கு முன் உங்கள் கதையின் முடிவு எதைப் பறிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'உயிரை' என்று எழுதினால் அது விடையாகாது. எல்லாச் சாவும் உயிரைத்தான் பறிக்கிறது. அதில் உங்கள் கதைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. ஒரு குரலை, ஒரு கேலியை, முடியாமல் நீண்டுகொண்டிருந்த ஒரு வாக்குவாதத்தை, இனிமேல் எவரும் கூப்பிடப்போகாத ஒரு செல்லப்பெயரை, தொடங்கி வைத்து நிறுத்தப்பட்ட ஒரு வேலையை என்று இறங்கிவந்து எழுத வேண்டும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு எழுதிய பின், அவற்றுள் எது இந்த இருவருக்கு மட்டுமே உரியது, வேறு எந்தக் காதலருக்கும் பொருந்தாதது என்று பாருங்கள். நிலவொளியில் நடப்பது எல்லோருக்கும் பொருந்தும். அதை அடித்துவிடலாம்.

மிஞ்சுவதுதான் உங்கள் காதல் காட்சியின் கரு. இந்த வரிசையில் வேலை செய்வதில் ஒரு நன்மை உண்டு. அழகான காட்சி ஒன்றை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதைத் துயரத்தோடு எப்படி ஒட்டுவது என்று பிறகு திண்டாட வேண்டியதில்லை. காட்சி பிறக்கும்போதே துயரத்தின் அளவுக்கு வெட்டப்பட்டுப் பிறக்கிறது. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு அந்த வெட்டு தெரியாது.

துயரம் சாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரிவு, துரோகம், நினைவு தவறும் நோய், ஒருவர் வேறொருவராக மாறிப்போவது ஆகிய எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: துல்லியமாக எது போயிற்று?

ஒரு காட்சி, இரண்டு வரைவுகள்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும். இருவரும் கடற்கரையில் நடக்கிறார்கள். காற்று அவள் கூந்தலைக் கலைக்கிறது. அவன் அவள் கையைப் பற்றி, 'உன்னை விட்டு ஒரு நாளும் பிரிய மாட்டேன்' என்கிறான். அவள் அவன் தோளில் சாய்கிறாள். இதில் இலக்கணப் பிழை இல்லை, உணர்ச்சிப் பிழையும் இல்லை. ஆனால் இருவரையும் எடுத்துவிட்டு வேறு இருவரை அங்கே நிற்க வைத்தாலும் காட்சி அப்படியே இருக்கும். 'ஒரு நாளும் பிரிய மாட்டேன்' என்ற வாக்கைக் கேட்டதுமே வாசகர் பிரிவுக்குத் தயாராகிவிடுகிறார் என்பது அதைவிடப் பெரிய கேடு.

இரண்டாவது வரைவுக்கு, அந்த இருவரைப் பற்றி ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்: எந்த நாவலை எடுத்தாலும் அவன் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிறவன், அவளால் அதைச் சகித்துக்கொள்ள முடியாது.

தனக்கு மிகவும் பிடித்த நாவலை அவள் அவனிடம் கொடுக்கிறாள். வாங்கியதும் அவன் கை வழக்கம்போல் பின்னட்டைப் பக்கம் போகிறது. தாள் திறக்கவில்லை. கடைசி அத்தியாயம் முழுவதையும் மூன்று ஓரங்களிலும் ஒட்டுநாடா ஒட்டி மூடியிருக்கிறாள்.

'என்ன இது?'

'நீ திருடுவாய் என்று தெரியும். அதுதான்.'

'முடிவு தெரியாமல் என்னால் நிம்மதியாகப் படிக்க முடியாது.'

'நிம்மதியாகப் படிக்க வேண்டாம். அந்த இடம் வந்ததும் என்னிடம் கொண்டு வா. நான்தான் கீறித் தருவேன்.'

அவன் புத்தகத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒட்டிய தாள்களுக்கு இடையே ஏதாவது தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறான். அவள் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிடுகிறாள்.

இதில் காதல் என்ற சொல் வரவில்லை. ஆனாலும் அவனுடைய உள்ளூர இருக்கும் பயம் தெரிகிறது. அதை அவள் அறிந்து வைத்திருப்பது தெரிகிறது. அதை மாற்ற அவள் எடுத்துக்கொண்ட உழைப்பு, உட்கார்ந்து தாள்களை ஒட்டிய அந்தப் பொறுமை, தெரிகிறது. இருவருக்குள் ஒரு போட்டி நடக்கிறது. அதில் அவள் வெல்கிறாள். தோற்றதில் அவனுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வருங்காலத்தில் நிறைவேற வேண்டிய ஒரு சின்ன ஒப்பந்தம் அங்கே கையெழுத்தாகிவிட்டது. 'நான்தான் கீறித் தருவேன்' என்பது உயிர் உள்ளவரை பிரிய மாட்டேன் என்பதைவிடச் சிறிய வாக்கு. சிறியது என்பதாலேயே அது மீறப்படும் என்று வாசகருக்குத் தோன்றாது.

நினைவில் நிற்கும் காட்சிக்குத் தேவையானவை பெரும்பாலும் இவைதான்: இருவரும் வெவ்வேறு ஒன்றை விரும்புவது, ஒருவர் மற்றவரைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கும் ஒன்று வெளிப்படுவது, கையால் தொடக்கூடிய ஒரு பொருள், முடியாமல் நிற்கும் ஒரு செயல். இந்த நான்கும் எல்லாக் காட்சியிலும் இருந்தே தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். முதலாவது இல்லாமல் மட்டும் காட்சி நிற்பதை நான் அதிகம் கண்டதில்லை. இருவரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் காதல் காட்சி, எழுதுகிறவருக்கு இனிக்கும். படிக்கிறவருக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது.

சிரிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துன்பியல் எழுதுகிறவர்கள் காதல் காட்சியையும் கனத்த குரலில் எழுதிவிடுகிறார்கள், கதை சோகமானது என்பதால் எல்லாப் பக்கமும் அந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று எண்ணி. விளைவு நேர்மாறானது. சிரிக்கும்போது வாசகர் தம் காவலைத் தளர்த்துகிறார். பாத்திரத்தோடு சேர்ந்து சிரித்தவர் அந்தப் பாத்திரத்தைத் தமக்குத் தெரிந்தவராக ஏற்றுக்கொண்டுவிடுகிறார். இழவு வீடுகளில் இறந்தவரின் பெருமைகளைச் சொல்லும்போது தாங்கிக்கொண்டிருக்கும் உறவினர்கள், அவர் செய்த ஒரு கோமாளித்தனத்தை எவராவது நினைவுபடுத்தியதும் உடைந்து அழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே காதலரில் ஒருவரையாவது அசடாக்கத் தயங்காதீர்கள். மாசுமறுவற்ற காதலன் இறந்தால் வாசகர் மரியாதை செலுத்துவார். விளக்கு வெளிச்சத்தில் ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிய தாளுக்குள் எட்டிப் பார்த்தவன் தனித்துப்போனால் அழுவார்.

ஈர்த்த குணமே இடறட்டும்

காதல் காட்சியும் துயரமும் ஒரே கதையில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரு நிகழ்ச்சிகளாக நின்றால், துயரம் தற்செயல் போலத் தோன்றும். எங்கிருந்தோ ஒரு வண்டி வந்து மோதிவிட்டது என்பது வாழ்க்கையில் நடக்கும். கதையில் அது ஆசிரியரின் வண்டியாகவே தெரியும். காதலில் எந்தக் குணம் நம்மை ஈர்த்ததோ அந்தக் குணமே கேட்டுக்கும் வழி திறந்தால் இந்தச் சிக்கல் தீரும்.

ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் ஜூலியட்டும் சந்தித்த மறுநாளே மணம் முடிக்கிறார்கள். இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், மாடத்திலிருந்து பேசும் ஜூலியட், இது மிக அவசரமாகவும் திடீரென்றும் நடக்கிறது என்று தானே சொல்லுகிறாள். அந்த அவசரம்தான் அந்தக் காட்சியின் வசீகரம். தயக்கமில்லாத அந்த வேகத்தை நாம் ரசிக்கிறோம். பின்னால், கல்லறையில் அவள் கண் விழிக்கும்வரை பொறுக்காமல் ரோமியோ நஞ்சை அருந்தும்போது, அதே வேகம் வேறு முகத்தோடு வந்து நிற்கிறது. நாம் ரசித்த ஒன்றே அவர்களைக் கொன்றது என்பதால் அந்தச் சாவில் நமக்கும் ஓர் உறுத்தல் சேர்ந்துகொள்கிறது.

ஒட்டிய நாவலின் கதையில் இதை எப்படிச் செய்யலாம்? அவளுக்கு நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியாது. அதைத் தன்னிடம் சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை. விளக்கை அணைத்தபோது விளையாட்டாக இருந்த அதே போட்டி இப்போது மருத்துவமனை நடைக்கூடத்தில் நடக்கிறது. அவனுக்கு முடிவு தெரியும், அவளுக்குத் தெரியாது, அவன் முகத்தை அவள் படிக்காமல் இருக்க வேண்டும். பழைய காட்சியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை.

எங்கே வைப்பது

திரைப்படத்தில் காதலர் இருவரும் அளவுக்கு மீறிச் சிரித்துவிட்டால், அடுத்த காட்சியில் ஏதோ நடக்கப்போகிறது என்று திரையரங்கில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். இன்பத்தையும் துன்பத்தையும் தோளோடு தோளாக நிறுத்தியதற்கு நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை இது. மறக்க முடியாத காட்சிக்கும் பேரிழப்புக்கும் இடையே, வாசகர் வேறொன்றைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்காவது கதை நகர வேண்டும். பணக்கவலை, குடும்பத்தின் எதிர்ப்பு, வேறொருவரின் சிக்கல் என எதுவாகவும் இருக்கலாம். காட்சி மனத்தின் அடியில் போய்ப் படிய வேண்டும். முற்றிலும் மறக்கவும் கூடாது. நீண்ட நாவலாக இருந்தால் இடையில் ஒரே ஒரு முறை, போகிற போக்கில், அந்தப் பொருளைக் காட்டுங்கள். மேசை மேல் அந்த நாவல் கிடக்கிறது, பாதியில் ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருக்கிறது. அவ்வளவு போதும்.

சிறுகதையில் இந்த இடைவெளிக்கு இடம் இருக்காது. அங்கே வரிசையை மாற்றிவிடுவது நல்லது: இழப்பு முதலில், காதல் காட்சி கடைசியில். அவள் இல்லை என்பது தெரிந்த பிறகு படிக்கும்போது, தாள்களை ஒட்டும் காட்சியின் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை ஒலிக்கும்.

முன்குறிப்பு யாருக்கு

வரப்போகும் துயரத்தைப் பற்றிக் காதல் காட்சியில் சாடை காட்டலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. பாத்திரங்கள் காட்டக் கூடாது என்பதே என் முடிவு. 'நான் இல்லாமல் போனால் நீ என்ன செய்வாய்?' என்று காதலி காரணமில்லாமல் கேட்கும் வசனத்தை எந்தக் கதையிலும் அடித்துவிடலாம், ஒன்றும் குறையாது. மகிழ்ச்சியாக இருக்கிறவர்களுக்குத் தாங்கள் ஒரு துன்பியலில் இருப்பது தெரியாது.

ஆசிரியர் காட்டலாம், பாத்திரங்களின் தலைக்கு மேலாக. சிலப்பதிகாரத்தின் இரண்டாவது காதையான மனையறம் படுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் இன்பம் துய்த்து வாழ்கிறார்கள். மண்மேல் நிலையாமையைக் கண்டவர்களைப் போல அவர்கள் இன்பமெல்லாம் நுகர்ந்தார்கள் என்று அந்தக் காதையின் இறுதி வெண்பா முடிகிறது. கண்டவர் போல என்பதால் அவர்கள் உண்மையில் காணவில்லை. கண்டவர் இளங்கோவடிகள். ஷேக்ஸ்பியரோ ரோமியோ ஜூலியட்டின் முகவுரையிலேயே காதலர் இருவரும் சாவார்கள் என்று அறிவித்துவிடுகிறார். முடிவு தெரிந்துவிட்டால் காதல் காட்சியின் ஒவ்வொரு நொடியிலும் அச்சம் கலந்துவிடும். தெரியாவிட்டால் இன்பம் கலப்பற்றதாக இருந்து, பின்னர் நினைவாக மாறி வலிக்கும். இரண்டும் வலிமையானவை. ஒரே கதையில் இரண்டையும் அரைகுறையாகச் செய்வதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. தெரிவிப்பதென்றால் முதலிலேயே தெளிவாகத் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் காற்றில் அணையும் விளக்கு, உடையும் கண்ணாடி, கத்தும் ஆந்தை எதையும் அருகே வரவிடாதீர்கள்.

திரும்பி வரும்போது

காதல் காட்சியில் விதைத்த ஒன்று துயரத்தில் திரும்பி வரும்போதுதான் இவ்வளவு உழைப்பும் பலன் தருகிறது. திரும்பி வருவது மாறி வர வேண்டும். இதற்குச் சிலப்பதிகாரத்தைவிடச் செம்மையான பாடத்தை நான் அறியேன்.

மனையறம் படுத்த காதையில் கோவலன் கண்ணகியை 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே' என்று தொடங்கி, கரும்பே, தேனே என்று அடுக்கிப் புகழ்கிறான். செல்வ வீட்டு மாடத்தில், துன்பம் என்ன என்று அறியாத ஓர் இளைஞன் பேசும் அலங்காரப் பேச்சு அது. அழகாக இருக்கிறது, அவளைப் பற்றி அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு மாதவி, கானல்வரிப் பிரிவு, வறுமை, நெடுவழி நடை. பதினாறாவதான கொலைக்களக் காதையில், மதுரைப் புறத்தே ஆயர்குல முதுமகள் மாதரியின் பாதுகாப்பில் இருக்கும் சிறு மனையில், கண்ணகி தன் கையால் சமைத்து அவனுக்குப் படைக்கிறாள். உண்ட பின் தன் குற்றங்களை எண்ணி அவன் வருந்துகிறான். அவள் உடனே உருகிவிடவில்லை. 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று நேரே சொல்கிறாள். நீர் எழுக என்றதும் நான் எழுந்து வந்தேன் என்கிறாள். அதன் பிறகுதான் அவனுடைய இரண்டாவது புகழுரை வருகிறது. மீண்டும் 'பொன்னே' என்கிறான். ஆனால் இப்போது அந்தச் சொல்லுக்கு முன்னால், சுற்றத்தையும் தோழியரையும் விட்டு என்னோடு வந்து என் துயர் களைந்தவளே என்ற நன்றி நிற்கிறது. அலங்காரம் அனுபவமாகிவிட்டது. பிறகு அவள் சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு, விற்று வருவதாகச் சொல்லிப் புறப்படுகிறான்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை பல. ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. நடுவில் வாழ்க்கை புகுந்து அதன் பொருளை மாற்றியிருக்கிறது. மனைவி கணவனின் தவற்றைச் சொல்லிக்காட்டுகிறாள். அதனால்தான் அந்த இணக்கத்தை நம்ப முடிகிறது. காதல் மீண்டும் பிறந்த அதே நாளில் அவன் கொல்லப்படுகிறான். முதல் காதலை மட்டும் இழந்திருந்தால் இவ்வளவு வலிக்காது. அவன் கொலைக்குக் காரணமாகவும், பின்னர் அவனது குற்றமின்மைக்குச் சான்றாகவும் ஆகப்போகும் சிலம்பு, காதல் காட்சியின் கடைசி அசைவில் கைமாறுகிறது. நானே இப்படி ஒரு காட்சி எழுத முயன்றால் சிலம்பைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதிக் கெடுத்திருப்பேன்.

காதல் காட்சியே முறிவாக மாறும் வழியும் அதே காப்பியத்தில் உண்டு. கானல்வரியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழோடு பாடுகிறார்கள். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக அவள் எண்ணுகிறாள். தனக்கும் வேறொருவன் மேல் மனம் இருப்பது போன்ற குறிப்புடன் அவளும் பாடுகிறாள். அவன் பிரிந்து போகிறான். ஒரு பிழையான புரிதல், அதுவும் இருவரின் கலைத்திறனின் உச்சத்தில். இப்படிப்பட்ட காட்சியை எழுதுவது கடினம். தொடக்கத்தில் முயல வேண்டாம்.

கீறிய பிறகு

இனி நம் நாவலுக்கு வருவோம். அவள் இறந்த சில மாதங்களுக்குப் பிறகு அவன் ஒட்டிய இடத்தை எட்டுகிறான். என்ன நடக்க வேண்டும்?

முதலில் தோன்றுவது, அவன் கீறாமல் புத்தகத்தை மூடி வைத்துவிடுவது. இது எல்லோருக்கும் தோன்றும், வாசகருக்கும் தோன்றும், ஆகவே வேண்டாம். இரண்டாவது, ஒட்டிய தாள்களுக்குள் அவள் எழுதி வைத்த கடிதம் கிடைப்பது. இது அதைவிட மோசம். கடிதம் இழப்பைக் குறைத்துவிடும். அவள் மீண்டும் ஒரு முறை பேசிவிடுவாள். வாசகர் அழுவார், ஆனால் ஆறுதலோடு அழுவார், அடுத்த நாள் மறந்துவிடுவார். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பேன். அவன் சமையலறைக் கத்தியால் தானே கீறுகிறான். ஒரு தாள் சிறிது கிழிந்துவிடுகிறது. படித்து முடிக்கிறான். முடிவு அவனுக்குப் பிடிக்கவில்லை. இதிலா இவ்வளவு பிடிவாதம் பிடித்தாள் என்று தோன்றுகிறது. அவளிடம் சண்டை போட வேண்டும். அதற்கான வாதம் முழுவதும் வரிசையாக மனத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் நிறுத்திவிடலாம். அவன் அழுதானா என்று எழுத வேண்டியதில்லை.

இத்தகைய இடத்தில் எழுதுகிறவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய சில தூண்டுதல்கள் உண்டு. பழைய காட்சியைப் பின்னோக்கு உத்தியாக மறுபடி ஓட்டிக் காட்டாதீர்கள். அது முன்பே வாசகரிடம் இருக்கிறது, நன்றாக எழுதியிருந்தால். பொருளைத் திருப்பிக் கொண்டு வாருங்கள், உணர்ச்சியைச் சொல்லாதீர்கள். ஒரு முறை மட்டும் கொண்டு வாருங்கள். மூன்றாவது தடவை அந்த நாவல் மேசையில் தோன்றும்போது அது விளம்பரமாகிவிடும். நாயகனின் கோபத்துக்குக் காரணம் வேண்டும் என்பதற்காக மட்டுமே நாயகியைக் கொன்றுவிடும் கதைகளில் இந்த முறை எதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் அங்கே காதல் காட்சியில் அவளுக்கென்று ஒரு விருப்பமே இருந்திருக்காது. தாள்களை ஒட்டியவள் அவள். விளக்கை அணைத்தவளும் அவள்.

திருத்தும்போது

முழு வரைவும் முடிந்த பின் காதல் காட்சியை மட்டும் எடுத்துவிட்டுக் கதையைப் படித்துப் பாருங்கள். துயரக் காட்சி முன்போலவே இயங்கினால், இரண்டில் ஒன்று வீண். பெரும்பாலும் காதல் காட்சி அலங்காரமாக நின்றிருக்கும்; சில சமயம் துயரக் காட்சி தானே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்கும். பிறகு எதிர்த்திசையில் செய்யுங்கள்: காதல் காட்சியை மட்டும், கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். சோகக் கதை என்று அவருக்குச் சொல்லாதீர்கள். படித்துவிட்டு அவர் சிரித்தாரா, இந்த இருவரும் அடுத்து என்ன செய்வார்கள் என்று கேட்டாரா என்று கவனியுங்கள். 'ஐயோ, யாரோ சாகப்போகிறார்கள் போலிருக்கிறதே' என்றால் எந்த வரி அப்படிச் சொன்னது என்று கேட்டு அந்த வரியை நீக்குங்கள்.

சில நாட்கள் கழித்து அதே நபரிடம், காட்சியில் என்ன நினைவிருக்கிறது என்று விசாரியுங்கள். 'நல்ல காதல் காட்சி' என்ற பதில் வந்தால் இன்னும் வேலை இருக்கிறது. 'அந்த ஒட்டுநாடா' என்று வந்தால், சாவுக் காட்சியில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் மழையையும் கடைசி வசனத்தையும் அடிக்கத் தொடங்கலாம்.